சாது மனிதரின் ராஜினாமாக்கள்

டச்சு இசைக்குழு நடத்துநர் பெர்னார்ட் ஹைடிங்க் பற்றிப் பேச்செடுத்தால் மேற்கத்திய இசை கேட்கும் நண்பர்கள் இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்: "நல்ல மனுஷன்." நடத்துநர்களில் கராயனிடம் இருந்த தோரணை கிடையாது, பெர்ன்ஸ்டைன் மாதிரி மேடையில் துள்ளவும் மாட்டார், அடக்கமானவர், அவ்வளவுதான். அந்த "அவ்வளவுதான்" மேல் எனக்கு ரொம்ப நாளாகவே மனத்தாங்கல் உண்டு.

1929இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர். வயலின் படித்தார், வானொலி இசைக்குழுவில் வாசித்தார். வாசிப்பு சுமார்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார். ஃபெர்டினாண்ட் லைட்னர் நடத்திய பயிற்சி வகுப்பில் சேர்ந்த பிறகுதான் கையில் நடத்துநரின் குச்சி வந்தது. 1956 நவம்பரில் ஆம்ஸ்டர்டாமின் கான்செர்ட்கெபாவ் இசைக்குழுவை நடத்த வேண்டியிருந்த கார்லோ மரியா ஜூலினியால் வர முடியவில்லை. செருபினி இயற்றிய ரெக்வியம், அதாவது இறந்தவர்களுக்கான வழிபாட்டு இசை. அதை நடத்த ஹைடிங்கைக் கூப்பிட்டார்கள், அவர் முதலில் தயங்கினார், பிறகு நடத்தினார். 1959இல் தலைமை நடத்துநர் எட்வார்ட் வான் பைனும் ஒத்திகை நடத்திக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் இறந்துபோக, 1961இல் ஓய்கன் யோக்கூமோடு சேர்த்து இவரையும் அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். வயது 32. சில வருடங்களில் முழுப் பொறுப்பும் இவரிடமே வந்தது, 1988 வரை இருந்தார்.

தனக்கு இந்த வாய்ப்பு எப்படி வந்தது என்பதில் அவருக்கு ஒரு உறுத்தல் கடைசிவரை இருந்தது. நாஜி ஆக்கிரமிப்பில் அந்த இசைக்குழுவின் யூதக் கலைஞர்களை வெளியே தள்ளினார்கள், நாட்டின் யூதத் திறமைசாலிகள் எத்தனையோ பேர் முகாம்களில் கொல்லப்பட்டார்கள். அவர்கள் உயிரோடு இருந்திருந்தால் நான் நடத்துநர் ஆகியிருக்கவே மாட்டேன் என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வெறும் அடக்கம் என்று அதை ஒதுக்க என்னால் முடியவில்லை.

கான்செர்ட்கெபாவ் அரங்கில் நடத்துநர் மேடையின் பின்பக்கம் உச்சியிலிருந்து, சிவப்புக் கம்பளம் விரித்த செங்குத்தான படிகளில் இறங்கி வர வேண்டும். கூட்டம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். கூச்ச சுபாவக்காரருக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேண்டுமா! பழைய வீடியோக்களில் பாருங்கள், கீழே வந்து வணங்கி முடித்ததும் சட்டென்று பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டிவிடுவார், அப்பாடா என்கிற மாதிரி. அப்புறம் வலது கை சீராகத் தாளம் கொடுத்துக்கொண்டே இருக்கும். இடது கை பெரும்பாலும் சும்மா இருக்கும். எப்போதாவது அது மெல்ல உயரும், செல்லோக்கள் பக்கமிருந்து ஓசை திரண்டு வரும். பின்னாளில் சுவிட்சர்லாந்தின் லுசெர்னில் இளம் நடத்துநர்களுக்கு வகுப்பு எடுத்தபோதும் இதைத்தான் சொன்னார்: வாசிப்பவர்களுக்கு ஏற்கெனவே நிறைய வேலை இருக்கிறது, தொந்தரவு செய்யாதீர்கள்.

சரி, எல்லாரும் அவரைக் கொண்டாடினார்கள் என்றும் இல்லை. 1969 நவம்பர் 17 அன்று அவர் நடத்திக்கொண்டிருந்த கச்சேரியில் லூயி ஆண்ட்ரீசன், மிஷா மெங்கல்பெர்க் உள்ளிட்ட இளம் இசையமைப்பாளர்கள் விசில், கிலுகிலுப்பை சகிதம் எழுந்து ரகளை செய்தார்கள். புதிய இசைக்கு இடமில்லையா, வாருங்கள் விவாதிப்போம் என்பது கோரிக்கை. பாக்குவெட்டி மாதிரி கொட்டையை உடைக்கும் கருவிக்கு டச்சில் 'நோட்டன்கிராக்கர்' என்று பெயர். 'நோட்டன்' என்றால் கொட்டைகள், இசையின் ஸ்வரங்களுக்கும் அதே சொல். அந்தச் சிலேடைதான் போராட்டத்தின் பெயரானது. அவர்களை வெளியே தள்ளிவிட்டுக் கச்சேரி தொடர்ந்தது. இளைஞர்கள் பக்கம் பாதி நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். பழைய இசையமைப்பாளர்களான மாலரும் புரூக்னரும் ஹைடிங்கின் உயிர், புதியவர்கள் பக்கம் அந்த அளவுக்கு அவர் போகவில்லை.

ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் டச்சு அரசு மானியத்தைக் குறைக்கப் பார்த்தது, 23 கலைஞர்களின் வேலை போகும் நிலை. அப்போது இந்தச் சாது மனிதர் சொன்னது: ஆட்களைக் குறைத்தால் நான் போய்விடுவேன். கடைசியில் பணப் பிரச்சினை தீர்ந்தது. 1998இல் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸ் பணமில்லாமல் தள்ளாடி, நிகழ்ச்சிகளை நிறுத்திவைக்கப் போகிறோம் என்றபோது இசை இயக்குநர் பதவியிலிருந்து ராஜினாமா. பிறகு சமாதானமாகி 2002 வரை இருந்தார். அங்கிருந்து ஜெர்மனியின் டிரெஸ்டன் இசைக்குழு. அடுத்த நடத்துநரைத் தேர்ந்தெடுத்த விதத்தில் தகராறு, 2004இல் அங்கேயும் ராஜினாமா. மேசையைத் தட்டிப் பேசுகிறவர்கள் எத்தனை பேர் தன் குழுவில் வாசிக்கும் ஆளுக்காக நாற்காலியைப் பணயம் வைத்திருக்கிறார்கள்? "நல்ல மனுஷன்" என்று இழுக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது இதைத்தான்.

2006இல் சிகாகோ இசைக்குழு அழைத்தபோது வயது 77. இசை இயக்குநர் பதவி வேண்டாம், முதன்மை நடத்துநராக மட்டும் வருகிறேன் என்று நான்கு வருடம் போய்வந்தார்.

இத்தனை முறை ராஜினாமா செய்தவருக்கு ஓய்வு பெறுகிறேன் என்று மட்டும் வாய் வரவில்லை. 2019இல், 90 வயதில், ஒரு வருடம் விடுப்பு எடுக்கிறேன் என்று அறிவித்தார். பிறகு ஒரு டச்சுப் பத்திரிகையிடம்தான் உண்மையைச் சொன்னார்: பிரிவு உபசார விழா எதுவும் வேண்டாம் என்பதால்தான் விடுப்பு என்று சொன்னேன், இனி நடத்தப் போவதில்லை. செப்டம்பர் 6ஆம் தேதி லுசெர்னில், வியன்னா ஃபில்ஹார்மோனிக்குடன் கடைசிக் கச்சேரி. புரூக்னரின் ஏழாவது சிம்பொனி. இரண்டு வருடம் கழித்து, 2021 அக்டோபரில், லண்டன் வீட்டில் காலமானார். கணக்குப்படி அப்போதும் விடுப்பில்தான் இருந்தார்.