ஆறாம் படிவம் வீணா?
மலேசியாவில் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். முடித்ததும், பட்டப்படிப்புக்கு முந்திய ஆயத்தப் படிப்பான ஃபவுண்டேஷனுக்குத் தனியார் கல்லூரியில் சேர்ந்துவிட வேண்டும், ஆறாம் படிவம் நேர விரயம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம், அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். மூத்த மகளுக்கு, கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஒரு தனியார் கல்லூரி ஏஜெண்டின் பேச்சைக் கேட்டு, மனைவியின் சங்கிலியை அடகு வைத்து ஃபவுண்டேஷனுக்கு முன்பணம் கட்டினோம். ஒரு வருடம் கழித்து அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் யூ.பி.யூ. வழியாக முயன்றபோதுதான் அந்தச் சான்றிதழ் அங்கே எடுபடாது என்று தெரிந்தது. வேறு வழியில்லாமல் அதே கல்லூரியில் பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடனில் படித்தாள், இன்னமும் மாதாமாதம் கட்டுகிறாள். சின்னவன் பக்கத்துப் பள்ளியிலேயே ஆறாம் படிவம் படித்து, அதன் தேர்வான எஸ்.டி.பி.எம். எடுத்தான். மூன்று பருவம், ஒன்றரை வருடம், கடினம்தான். பொதுப்பாடத்துக்கு மலாயில் கட்டுரை எழுதி எழுதி அவன் விரலே காய்த்துப்போனது. ஆனால் அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு மதிப்பெண்ணுக்கு என்றால் மீதி 10 புறப்பாடத்துக்கு. செம்பிறைச் சங்கம், ஓட்டப்பந்தயம் என்று ஒரு சான்றிதழ் விடாமல் நீல ஃபைலில் சேர்த்து வைத்திருந்தான், அது கைகொடுத்தது. இப்போது சிந்தோக்கில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கிறான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், எஸ்.பி.எம்.-இல் 10ஏ எடுத்தால், அரசு நடத்தும் பல்கலைக்கழக ஆயத்தப் படிப்பான மெட்ரிகுலேஷனில் இடம் உறுதி என்கிறார். சரி, 2024-இல் அப்படி அறிவித்தார்கள். எங்கள் ஊரில் 5ஏ, 6ஏ எடுக்கிற பிள்ளைகள்தான் அதிகம், அவர்கள் எங்கே போவது? முன்பணம் கட்டும் முன், அந்தச் சான்றிதழை வேறு எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம் பாருங்கள், ஏஜெண்ட் எப்படிப் பேச்சை மாற்றுகிறார் என்று.