கடல் வேண்டும், மனை வேண்டாம்

இன்னும் இரண்டு வருடத்தில் வீட்டுக்காரர் ஓய்வு பெறுகிறார். அதற்கப்புறம் எங்காவது வெப்பமண்டலக் கடற்கரையில் ஒரு மனை வாங்கி, சின்னதாய் ஒரு வீடு கட்டி, அலைச் சத்தத்தில் கண் விழிக்க வேண்டும் என்பது ஐந்தாறு வருடக் கனவு. முதலில் சொன்னது நான்தான் என்று அவர் இப்போதும் சொல்லிக் காட்டுவார். பொய்யில்லை.

அட்வான்ஸ் கொடுக்கும் கட்டம் வரை போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறோம். பார்ப்பவர்கள் எல்லாம் ஏன் ஏன் என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு தடவை சொல்லி மாளவில்லை, இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதல் தடவை நாங்கள் போனது நல்ல பருவத்தில். மழை விட்டு, வெயில் ஏறாமல் இரண்டு மாதம் இருக்குமே, அப்போது. இடம் பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்போதுதான் போகிறார்கள், தரகர்களும் அப்போதுதான் கூட்டிப் போகிறார்கள். விருந்தாளி வரும் அன்று வீடு இருக்கிற மாதிரி கடற்கரையும் துடைத்து வைத்தது போல இருந்தது. இவர் அங்கேயே செக் புத்தகத்தை எடுத்துவிடுவார் போலிருந்தது. நான்தான், மழைக்காலத்தில் மூன்று மாதம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றேன். "அலை ஓய்ந்த பிறகு கடலில் குளிக்கிறேன் என்றால் நடக்குமா" என்று பழமொழி எல்லாம் வந்தது. ஆனாலும் கிளம்பினார்.

குடிபோன அன்று கேட்டுக்கு ஒரு புதுப் பூட்டு வாங்கினோம். ஆறாவது வாரம் சாவி திரும்பவில்லை. எண்ணெய் விட்டு, தட்டி, திருகி, சாவி உள்ளேயே உடைந்தது. மழையில் நனைந்துகொண்டு, இரும்பு ரம்பத்தால் சொந்தப் பூட்டைத் தானே அறுத்துக்கொண்டிருந்தார் மனுஷன். கடல் அங்கிருந்து நூறடி. உப்புக் காற்று என்று எல்லாரும் சொல்வதுதான், ஆனால் கேட்பது வேறு, அதோடு குடித்தனம் நடத்துவது வேறு. கதவுக் கீல், சன்னல் கொக்கி, ஏசியின் வெளிப்பெட்டி, எல்லாமே செந்நிறமாக அழுது வடிகிறது. துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி விற்கிறார்களே, அதிலும் சாதாரண 304 வகை இங்கே புள்ளி புள்ளியாகத் துருவேறுகிறது. மாலிப்டினம் கலந்த 316 வகைதான் ஓரளவு தாங்கும், விலையும் அதற்கேற்ற மாதிரி.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது. கான்கிரீட்டுக்குள் நடப்பது தெரியாது. உப்பில் இருக்கும் குளோரைடு மெல்ல உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கும். துருவுக்கு இரும்பை விடப் பல மடங்கு இடம் வேண்டும். அந்த இடம் கிடைக்காதபோது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். நமக்கு விரிசல் தெரிகிற நாளில் உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும். கடல் மணலைக் கழுவாமல் கலந்து கட்டிய வீடு என்றால் கேட்கவே வேண்டாம். எழுபது வயதில் ஓய்வு வேண்டுமா, வருடா வருடம் கொத்தனாரோடு மல்லுக்கட்ட வேண்டுமா என்று நான் கேட்டதற்கு இவரிடமிருந்து பதில் வரவில்லை.

தண்ணீர் விஷயம் அதைவிட முக்கியம், ஆனால் இதை யாரும் பேசுவதில்லை. மழைக்காலத்தில் அந்த வீட்டுக் கிணற்றில் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளப்பது) வைத்துப் பார்த்தபோது லிட்டருக்கு 400 மில்லிகிராம் சொச்சம் காட்டியது. அருமையான தண்ணீர். கோடை முடியும் தறுவாயில் நாலு நாள் மறுபடி போய் அதே கிணற்றில் வைத்தோம், 2000-ஐத் தாண்டிவிட்டது. 1000-க்கு மேல் போனாலே வாயில் வைக்க முடியாதபடி ஆகத் தொடங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோப்பு நுரைக்கவில்லை, வாய் கொப்பளித்தால் கரிக்கிறது.

காரணம் எளிது. கரையோர நிலத்துக்கு அடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் இருந்தால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் நிற்கும் என்பது ஒரு பழைய கணக்கு. அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் வயிற்றைக் கலக்கும்: மேலே 1 மீட்டர் இறைத்து இறக்கினால், நாளடைவில் அடியிலிருந்து உப்புநீர் 40 மீட்டர் ஏறப் பார்க்கும். நாம் சிக்கனமாக இருந்து என்ன பயன், பக்கத்துச் சொகுசு விடுதியின் நீச்சல் குளம் நமக்கும் சேர்த்து இறைத்துவிடும்.

புயலைப் பற்றி இவருக்கு ஒரு தியரி உண்டு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாங்கிவிட்டால் புயலே கிடையாது என்பார். பெரும்பாலும் சரிதான். அங்கே பூமியின் சுழற்சி விசை காற்றைச் சுழல வைக்கப் போதாது, 5 டிகிரிக்குள் புயல் உருவாவது அபூர்வம். அபூர்வம்தான், 2001 டிசம்பரில் வாமெய் புயல் சிங்கப்பூருக்குப் பக்கத்தில் சுமார் ஒன்றரை டிகிரியிலேயே உருவானது. அதை விட என்னைப் பயமுறுத்துவது மெக்சிகோவின் அகபுல்கோ. 2023 அக்டோபரில் ஓட்டிஸ் என்ற புயல் ஒரே நாளுக்குள் சாதாரண வெப்பமண்டலப் புயலாக இருந்து உச்ச அளவான ஐந்தாம் வகைச் சூறாவளியாக வீங்கி அந்த ஊரைத் தாக்கியது. வயதான இரண்டு பேர் ஒரே நாளில் என்னத்தை மூட்டை கட்டி எங்கே கிளம்புவது? 2004 டிசம்பர் 26 பற்றி நான் சொல்லவே வேண்டாம், அது எந்த டிகிரியையும் பார்த்து வரவில்லை.

பத்திரமும் பட்டாவும் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடற்கரையில் அது பாதிதான். கடற்கரை எல்லாருக்கும் பொது என்று 6-ஆம் நூற்றாண்டு ரோமானியச் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றும் பல நாடுகளில் அந்தக் கதைதான். கோஸ்டாரிகாவில் பெரும்பாலான கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து முதல் 50 மீட்டர் பொதுச்சொத்து, அடுத்த 150 மீட்டரில் அனுமதி வாங்கி இருக்கலாமே தவிர சொந்தம் கொண்டாட முடியாது. மெக்சிகோவில் வெளிநாட்டுக்காரர் கடலிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் நேரடியாக நிலம் வாங்க முடியாது, வங்கி அறக்கட்டளை வழியாகத்தான். எந்த நாடானாலும், கட்டத் தடை உள்ள பகுதி எதுவரை என்று தரகரின் வாயிலிருந்து கேட்காமல் அரசு வரைபடத்தில் பாருங்கள். எங்களுக்குக் காட்டிய மனையில் பாதி அந்தக் கோட்டுக்குள் இருந்தது. தரகர் அதைச் சொல்லவில்லை, நாங்கள் கேட்டபோதும் சிரித்துக்கொண்டே, "எல்லாரும் கட்டித்தானே இருக்கிறார்கள்" என்றார்.

சரி, இதையெல்லாம் கூடக் காசு செலவழித்துச் சமாளித்துவிடலாம். என் மனதை மாற்றியது பக்கத்து வீட்டு அம்மா.

வயது எழுபத்தெட்டு. எங்களைப் போலவே ஓய்வுக்கென்று கணவரோடு வந்தவர். கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். வந்த புதிதில் வீட்டிலிருந்து மணலுக்கு இறங்கப் பதினொரு படி கட்டினார்களாம். நான் எண்ணிப் பார்த்தேன், ஐந்து மிச்சம். ஐந்தாவது படி அந்தரத்தில் நிற்கிறது. கடல் மட்டம் உலகமெங்கும் உயர்கிறது, 2006 முதல் 2018 வரை வருடத்துக்கு சராசரியாக 3.7 மில்லிமீட்டர் என்பது ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் கணக்கு. ஆனால் இந்தப் படிகளை விழுங்கியது அதைவிடக் கிட்டத்தில் இருக்கிற ஒன்று என்கிறார் அந்த அம்மா. கொஞ்ச தூரத்தில் துறைமுகத்துக்காகக் கல் கொட்டியிருக்கிறார்கள். கரையோரமாக நகர்ந்து வர வேண்டிய மணல் அங்கேயே தேங்கிவிடுகிறது, இந்தப் பக்கத்துக்கு வருவதில்லை. தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் தடுப்பு) போட்ட இடத்தில் மணல் சேரும், அடுத்த ஊரில் அரிக்கும். நம் மனை எந்தப் பக்கம் விழும் என்பது யாரோ எங்கோ உட்கார்ந்து போடும் திட்டத்தைப் பொறுத்தது.

அந்த அம்மா வீட்டை விற்கப் போட்டு நாலு வருடமாகிறது. வருகிறவர்கள் கடலைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வாங்குவதற்கு எத்தனை பேர் ஆசைப்படுகிறார்களோ அத்தனை பேரும் புது மனையைத்தான் கேட்கிறார்கள்.

எனக்கு மறக்காதது இன்னொன்று. அந்த வீட்டில் கடலைப் பார்த்த சன்னல்கள் எல்லாம் அடைத்தே கிடக்கின்றன. உப்புச்சாரல், இரைச்சல், பிசுபிசுப்பு. அந்த அம்மா நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது பின்பக்கத் திண்ணையில், சாலையைப் பார்த்து. ஏனென்றால் அந்தப் பக்கம்தான் ஆள் நடமாட்டம் இருக்கிறது. பழந்தமிழ் இலக்கணம் நெய்தல் நிலத்துக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தது, இப்படி மனை வாங்கிய யாரையாவது பார்த்துத்தானோ என்னவோ.

ஒரு ராத்திரி ஒத்திகை பார்த்தோம். நல்ல மழை. பக்கவாதம் வந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குக் காரில் போனோம். தரகர் சொன்னது முக்கால் மணி நேரம். வழியில் ஒரு தரைப்பாலம் முழுகிக் கிடந்ததால் சுற்றிப்போய்ச் சேர 2 மணி 10 நிமிடம் ஆயிற்று. திரும்பும்போது இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அங்கேயே உறவும் நட்பும் இருக்கிறவர்கள், அந்தப் பணம் போனால் போகட்டும் என்று சொல்லக்கூடியவர்கள், கரையிலிருந்து தள்ளி மேட்டில் இடம் கிடைத்தவர்கள் வாங்கட்டும். எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. எங்களுக்கு இந்த மனைதான் ஓய்வுக்காலத்தின் மொத்தப் பணமும். அதைக் கொண்டுபோய் கடலின் நல்ல மனசை நம்பிப் போட எனக்குத் தைரியமில்லை. வருடத்தில் நாலு மாதம் வாடகைக்குப் போவோம். பூட்டு துருப்பிடித்தால் வீட்டுச் சொந்தக்காரர் மாற்றட்டும், தண்ணீர் கரித்தால் ஊர் திரும்புவோம். அடுத்த பருவத்துக்கு அதே வீட்டைச் சொல்லி வைத்தாயிற்று.

இவர் முழுசாக ஒத்துக்கொண்டாரா என்றால், தெரியாது. நேற்று ராத்திரி கூடப் போனில் ஏதோ மனை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. தென்னை, வெள்ளை மணல், அலை எங்கோ தூரத்தில். "படம் எடுத்தவன் ஓதம் வற்றின நேரத்தில் எடுத்திருக்கிறான், அமாவாசை பௌர்ணமி உச்சத்தில் தண்ணீர் எதுவரை வருகிறது என்று கேளுங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

அப்புறம் எழுந்துபோய் நாள்காட்டியைப் புரட்டினார், அடுத்த அமாவாசை என்றைக்கு என்று.