சிஸ்டம் வேலை செய்யவில்லை, திங்கட்கிழமை வாருங்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஒரு நீதிமன்றக் கதவில் இப்படி எழுதி ஒட்டியிருந்த தாளைப் படமெடுத்து இணையத்தில் போட்டது நான்தான். உடனே பின்னூட்டத்தில் கிளம்பிவிட்டீர்கள். "நீதிமன்றத்துக்குக் கணினி வேண்டும் என்று வருடக்கணக்காகக் கத்தினாயே, இதோ உன் கணினி!" சிரித்தவர்களுக்கெல்லாம் வணக்கம். படத்தின் ஓரத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பவள் என் அக்கா மகள். ஜீவனாம்ச விஷயமாக வந்தவள். அவளைப் பற்றி ஒருவருக்கும் எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மறுபடியும் சொல்கிறேன், கோளாறு கணினியில் இல்லை. கணினி நின்றால் பதில் சொல்வதற்கு ஆள் வைக்கவில்லை, அதுதான் கோளாறு. உள்ளே விளக்கு எரிந்தது, பேச்சுக்குரல் கேட்டது. வெளியே வந்து "அம்மா, உங்கள் வழக்கு இந்த நிலையில் இருக்கிறது, இந்தத் தேதிக்கு வாருங்கள்" என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க யாருக்கும் கை வரவில்லை.

காகிதக் காலமே நன்றாக இருந்தது என்கிறீர்கள். அத்தான் இறந்தபோது சொத்து விவகாரத்துக்காக அக்காவோடு நான் அலைந்த அலுவலகத்தில் எல்லாமே காகிதம்தான். கோப்பு காணவில்லை என்று மாதக்கணக்கில் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் அது எங்கே இருந்தது தெரியுமா? அலுவலக மேசையில், வெந்நீர்க் கெண்டிக்கு அடியில். அட்டையில் வட்டமாகத் தேநீர்க் கறை. எடுத்துக் கொடுத்த குமாஸ்தா மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. "கிடைத்துவிட்டதே, பிறகென்ன?" என்றார். உங்கள் பொற்காலம் இதுதான்.

அதற்காகக் கணினியைக் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடச் சொல்கிறேனா? 2021 செப்டம்பரில் நீதித்துறை அமைச்சகத்தின் கணினிகளை யாரோ முடக்கியபோது ஜீவனாம்சப் பணம்கூடத் தடைப்பட்டது. வைரஸ் தடுப்பு மென்பொருளின் உரிமத்தைக்கூடப் புதுப்பிக்காமல் விட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. சரிசெய்யச் சொன்னதையும் செய்யவில்லை என்று 2023 ஜூலையில் 50 லட்சம் ராண்ட் அபராதம். கட்டினாலும் நம் வரிப்பணம்தானே! அன்றும் வீட்டு வாசலில் நின்று பிள்ளைகளுக்குப் பதில் சொன்னது தாய்மார்கள்தான்.

ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தைப் பார் என்கிறார் ஒருவர். பார்த்தேன். அங்கே உயர் நீதிமன்றத்தில் 2020 முதலே ஆவணங்கள் இணையத்தில் ஏறுகின்றன. அப்படியும் சிவில் விசாரணைக்கு 2031-ஆம் ஆண்டுத் தேதி தரும் நிலை வந்து, 2025 ஏப்ரலில், முதலில் சமரசம் பேசிவிட்டு வாருங்கள் என்று உத்தரவு போட்டார்கள். நீதிபதிகள் போதவில்லை என்றால் கணினி தீர்ப்பு எழுதாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2031 என்றாவது ஒரு தேதி கிடைத்ததே! எங்களுக்குக் கிடைத்தது 'திங்கட்கிழமை'. எந்தத் திங்கட்கிழமை என்றுகூடத் தாளில் இல்லை.

ஊழியர் பற்றாக்குறை, மின்வெட்டு என்ற வாதங்களும் வந்தன. இருக்கட்டும். ஒரு பேனாவுக்கு மின்சாரம் தேவையில்லை.

ஆனால் ஒரு பின்னூட்டத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை. "வெள்ளைக்காரன் காலத்தில் நீதிமன்றம் கடிகாரம் மாதிரி ஓடியது." எழுதியவர் நம் ஆள், நம் கோயிலில் காவடி எடுப்பவர். ஐயா, 1913 மார்ச்சில் இங்கே கேப் மாகாண நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் தந்த தீர்ப்பின்படி, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத நம் கல்யாணங்கள் செல்லாது. உங்கள் பாட்டிக்கும் என் பாட்டிக்கும் மனைவி என்ற பெயர் போனது. அதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டத்தில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் செத்தாள் வள்ளியம்மை. வயது 16. கடிகாரம் நன்றாகத்தான் ஓடியது, நம் தலைமேல் ஓடியது. இன்று நம் சொந்த அரசியலமைப்பின் கீழ் நடக்கும் நீதிமன்றத்தில் ஒழுங்கு கேட்டால், பழைய எஜமானைக் கூப்பிடுகிறீர்கள். இதற்கு எனக்குக் கோபம் வரக் கூடாதா?

"உன் அக்கா மகள் வழக்குக்காகத்தானே இவ்வளவும்?" ஆமாம், அவளுக்காகத்தான். வேறு யாருக்காக எழுத வேண்டும்?

நேற்றிரவு ஒரு வழக்கறிஞர் நண்பர் தனிச்செய்தி அனுப்பினார். "அந்தப் படத்தை நீக்கிவிடு, அவள் கோப்பு இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. படத்தை எடுக்கலாமா வேண்டாமா என்று அக்காவைக் கேட்டேன். எடுத்துவிடு என்றாள். எடுத்துவிட்டேன்.