ஏழு என்ற கணக்கு மெனுவுக்கு இல்லை

பெரிய நிறுவன இணையதளங்களின் மெனுவில் ஏழு தலைப்புக்கு மேல் கூடாது என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் ஏழு என்று எழுதியது மனத்தில் பிடித்துவைக்கும் அளவைப் பற்றி. மெனு கண் முன்னால் இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்வதில்லையே!

சிக்கல் வேறு இடத்தில். ஒரு பல்கலைக்கழகத் தளத்தை மாற்றியமைத்த குழுவில் இருந்தேன். பழைய மெனு அப்படியே நிர்வாகத்தின் துறைப் பட்டியல். சான்றிதழ் நகல் வேண்டுமென்றால் 'கல்விசார் விவகாரங்கள்', அப்புறம் 'பதிவாளர் அலுவலகம்', அதற்கும் கீழே 'படிவங்கள்'. மாணவருக்கு இது எப்படித் தெரியும்? வடிவமைப்பு எதுவும் இல்லாமல் தலைப்புகளை மட்டும் காட்டி, "நகலுக்கு எங்கே போவீர்கள்?" என்று சிலரிடம் கேட்டோம். பெரும்பாலோர் 'மாணவர்கள்' என்பதைத் தொட்டார்கள். அங்கே இருந்ததோ விடுதியும் விளையாட்டும்தான். தேடல் பெட்டியில் தட்டப்பட்ட சொற்களைப் பார்த்தாலும் அதே கதை.

சரி, துறைப் பட்டியலை விட்டு, மாணவர் தேடும் விதத்தில் மெனுவை மாற்றினோம். முகப்பில் தங்கள் துறையின் பெயர் இல்லையென்று துறைத் தலைவர்கள் கோபப்பட்டது தனிக்கதை. பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடும் 301 ஏற்பாட்டை மறந்ததுதான் எங்கள் பெரிய தவறு; கூகுளிலிருந்து வந்தவர்கள் 'பக்கம் இல்லை' என்று சொல்லும் 404 பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றார்கள். கட்டுரையில் அதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.