"ஒரு கார் வாங்கிக்கோங்க சிஸ்டர்"

நான் இருப்பது இங்கிலாந்தில் ஒரு கிராமம், வேலை கேர் ஹோமில், அதாவது முதியோர் இல்லத்தில். எங்கள் ஊர் பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்று போன வாரம் ஒரு பதிவு போட்டேன், அதற்குக் கீழே கமெண்ட்டில் ஒரே கூத்து. அதில் ஒரு கமெண்ட்டுக்கு மட்டும் பதில் சொல்லாமல் மனசு ஆறவில்லை. "இதுக்கெல்லாமா புலம்புவீங்க, ஒரு கார் வாங்கிக்கோங்க சிஸ்டர்." எழுதியவர் லண்டனில் இருக்கிறார். கீழே சிரித்து வைத்தவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள்.

சரி அண்ணா, வாங்கிக்கொள்கிறேன். இந்திய லைசென்ஸ் இங்கே 12 மாதம்தான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வு, ஓட்டிக் காட்டும் தேர்வு எல்லாம் முதலிலிருந்து. தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. தேர்வு மையம் டவுனில். அங்கே போக என்ன வேண்டும்? பஸ். புது டிரைவருக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு கேட்கிறார்கள் என்று கேர் ஹோம் சம்பளம் வாங்குகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

ஆனால் விஷயம் என் கார் இல்லை. பஸ் இல்லாத ஊரில் மற்ற எந்த வசதியும் வசதியே இல்லை என்பதுதான் நான் சொல்வது. டாக்டர் பக்கத்து ஊரில். பல் டாக்டர், வங்கி, சூப்பர் மார்க்கெட் எல்லாம் டவுனில். காகிதத்தில் எல்லாம் இருக்கிறது, போய்ச் சேரத்தான் வழியில்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. பார்வை மங்கியதும் லைசென்ஸைத் தானே திருப்பிக் கொடுத்துவிட்டார். நல்ல காரியம்தானே? அவரையும் கார் வாங்கச் சொல்வோமா? இலவச பஸ் பாஸ் வைத்திருக்கிறார். அது வார நாட்களில் காலை 9.30-க்கு மேல்தான் செல்லும். எங்கள் ஊரிலிருந்து டவுனுக்குக் காலை பஸ் 9.20-க்கு. அடுத்தது மதியத்துக்கு மேல். பல் டாக்டரிடம் போகிற அன்று பாஸைப் பையில் வைத்துக்கொண்டே 3 பவுண்டு டிக்கெட் எடுக்கிறார். இப்போது அந்த 9.20-க்கும் ஆபத்து.

"ஆளே ஏறாத பஸ்ஸை யார் காசில் ஓட்டுவது?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். முதலில் மணிக்கு ஒன்றாக இருந்ததை இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று ஆக்கினார்கள். பிறகு மாலை பஸ் போயிற்று, வேலைக்குப் போகிறவர்கள் கழன்றுகொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போயிற்று. இப்போது தலையை எண்ணிவிட்டு ஆள் இல்லை என்கிறார்கள். இலையை எடுத்துவிட்டுப் பந்தியில் யாரும் சாப்பிடவில்லை என்று சொல்வது மாதிரி.

1985-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், அடுத்த வருடம் அக்டோபரில் அமலானது. லாபம் வருகிற ரூட்டைக் கம்பெனிகள் ஓட்டும். லாபம் வராததைக் கவுன்சில், அதாவது உள்ளாட்சி, காசு கொடுத்து ஓட்டவைக்கலாம். 'லாம்'தான், கட்டாயம் கிடையாது. அதனால் பட்ஜெட்டில் கத்தி விழும்போது முதலில் விழுவது கிராமத்து பஸ். லண்டனுக்கு மட்டும் அந்த ஏற்பாடு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அண்ணா, உங்கள் வாசலில் வந்து நிற்கிற சிவப்பு பஸ் அந்தச் சலுகையில் ஓடுகிறது. எங்களுக்கும் அது கிடைத்திருந்தால் நானும் சிரிப்பு இமோஜி போட்டிருப்பேன்.

"போன் பண்ணினால் வருகிற பஸ் இருக்கிறதே" என்கிறீர்கள். முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். காய்ச்சல் முதல் நாளே சொல்லிக்கொண்டு வருமா? அவ்வளவுதான் அதற்குப் பதில்.

எங்கள் தெருவில் வாசல் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் போதும். பழைய பேக்கரி. பழைய தபால் நிலையம். பழைய பள்ளிக்கூடம். எல்லாம் இப்போது வீடுகள், நல்ல விலைக்குப் போனவை. ஸ்டேஷன் ரோடு என்று ஒரு தெருவும் உண்டு. 1963-இல் ரயில்வே நஷ்டத்தைக் குறைக்க வந்த பீச்சிங் அறிக்கை நாடு முழுக்க 2,363 ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. பிளாட்பாரம் இருந்த இடத்தில் இப்போது யாருடைய குதிரையோ மேய்கிறது. முன்பு நான் போட்ட போட்டோவில் பார்த்து நீங்கள் எல்லாரும் ஹார்ட் விட்ட எங்கள் ஊர்ச் சிவப்பு டெலிபோன் பூத்தில் போன் கிடையாது. கிராம மன்றம் அதை 1 பவுண்டுக்கு வாங்கி, உள்ளே டீஃபிப்ரிலேட்டர் வைத்திருக்கிறது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. இதயம் நின்றால் கருவி இருக்கிறது, நெஞ்சு வலித்தால் டாக்டரிடம் போகத்தான் பஸ் இல்லை.

இன்னொருவர் இன்பாக்ஸில்: "பிழைக்கப் போன இடத்தில் குறை சொல்லலாமா?" இந்த நாட்டுப் பெரியவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, ராத்திரி எழுப்பி மாத்திரை கொடுக்கிறேன். கவுன்சில் வரி கட்டுகிறேன். அந்த பில்லில் கிராம மன்றத்துக்கென்றே தனி வரி ஒன்று இருக்கிறது, அதையும் கட்டுகிறேன். குறை சொல்ல இன்னும் என்ன கட்ட வேண்டும்? கிராமத்துக்கு ஏன் போனாய் என்கிறவர்களுக்கு: விசாவும் வேலையும் இங்கே இருந்தது, வந்தேன். இயற்கை அழகை ரசிக்க வரவில்லை.

டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். நடைபாதை கிடையாது, இரண்டு பக்கமும் முள்வேலி. மஞ்சள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, போன் டார்ச்சைத் தரையில் அடித்தபடி எதிரே வரும் காருக்காக வேலியோடு ஒட்டி நிற்பேன். சேறு முழங்கால் வரை தெறிக்கும். அந்த போட்டோவை ஒருநாளும் போட்டதில்லை. கூரை வேய்ந்த வீடு, பனி விழுந்த சர்ச் என்று போட்டால் நூற்றுக்கணக்கில் லைக். "குடுத்து வச்சவ" என்று கமெண்ட். பஸ் வேண்டும் என்று எழுதினால் மட்டும் புலம்பல்!

கவுன்சில் கருத்துக் கேட்கிறது, வெள்ளிக்கிழமை கடைசி. ஆன்லைனில் மட்டும்தான். பாட்டிக்கு இன்டர்நெட் இல்லை, நேற்று நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். "பஸ்ஸை ஏன் குறைவாகப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று ஒரு கேள்வி. கட்டணம் அதிகம், இருக்கை வசதி இல்லை, சொந்தக் கார் இருக்கிறது என்று பதில்கள் கொடுத்திருந்தார்கள். பஸ்ஸே வருவதில்லை என்கிற பதில் அதில் இல்லை. 'மற்றவை'யைத் தட்டினால் எழுதச் சின்னதாக ஒரு கட்டம் வந்தது. பாட்டி சொல்லச் சொல்ல நான் அடித்தேன், இரண்டாவது வரியிலேயே கட்டம் நிரம்பிவிட்டது. லிங்க் முதல் கமெண்ட்டில். இந்தப் பக்கம் இருப்பவர்கள் தயவுசெய்து நிரப்புங்கள்.