ஏணிப்படி ஏறிய பிள்ளைகள் எங்கே?

போன வாரம் ஒரு கல்வியியல் கல்லூரி நூலகத்தில், எம்.எட். ஆய்வேடுகள் அடுக்கிய அலமாரி முன்னால் அரைநாள் உட்கார்ந்திருந்தேன். எல்லாம் ஒரே கருப்பு அட்டை, பொன் எழுத்து. முதுகில் இருக்கும் தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே எந்தக் காலத்தில் எந்தக் காற்று அடித்தது என்று தெரிந்துவிடும். ஒரு தட்டு முழுக்கத் திட்டமிட்டுக் கற்றல். அடுத்து அறிவொளி எழுத்தறிவு இயக்கம். பிறகு மனவெழுச்சி நுண்ணறிவு, அதற்குப் பின் இணையவழி வகுப்பு. இப்போது செயற்கை நுண்ணறிவு.

தலைப்பு மாறுவது தப்பில்லை. 2020-இல் பள்ளி பூட்டிக் கிடந்தபோது செல்போன் பாடத்தை ஆராயாமல் வேறு எதை ஆராய்வது? ஆனால் முந்தின கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகா அடுத்ததற்குப் போகிறோம்? இதுதான் என் வருத்தம்.

செயல்வழிக் கற்றலையே எடுத்துக்கொள்ளுங்கள். பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் 'ஏணிப்படி' படத்தைப் பார்த்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படிக்கும் முறை அது. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளியில் உருவான அட்டைமுறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கினார்கள். 2007-இல் மாநிலம் முழுக்க வந்தது. நான் அப்போது ஆசிரியர் பயிற்றுநர். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்துவிட்டு வந்த ஒரு இரண்டாம் வகுப்புப் பெண், யாரையும் கேட்காமல் ஏணிப்படியில் தன் இடத்தைப் பார்த்து, தான் விட்ட இடத்துக்கான அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துப் பாயில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். அதே ஊரில் ஒரு அப்பா, "புஸ்தகமே இல்லாம என்ன சார் படிப்பு?" என்று சண்டைக்கு வந்ததையும் பார்த்தேன். இரண்டில் எது சரி என்று ஆய்வுதானே சொல்ல வேண்டும்?

அந்த அலமாரியில் செயல்வழிக் கற்றல் பற்றி நிறையவே இருக்கிறது. நான் பிரித்துப் பார்த்ததில் பெரும்பாலானவை ஆசிரியர்களின் மனப்பாங்கு பற்றியவை. வினாநிரல், இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை, ஆண் பெண் வேறுபாடு, நகரம் கிராமம் வேறுபாடு. பிள்ளையை உட்காரவைத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னவை மிகக் குறைவு. பிறகு காற்று திசை மாறியது. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தபோது, எட்டு வயதுக்குள் பிள்ளை எழுதப் படிக்க வேண்டும் என்ற அதே இடத்துக்கு வந்து நின்றோம். அட்டைக்குப் பதில் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைகள்.

2007-இல் அட்டையோடு ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு இன்று இருபத்து நாலு, இருபத்தைந்து வயது. ஒன்றுபட்ட ஆந்திராவில் 'யங் லைவ்ஸ்' ஆய்வு 2002-இல் 3,000 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வளர்ந்து ஆளான பிறகும் தொடர்ந்தது. நம் எம்.எட். மாணவருக்கு ஆய்வுக்குக் கிடைப்பது சில மாதங்கள். போதாததற்கு "புதுசா ஏதாவது தலைப்பு கொண்டா" என்கிறார் வழிகாட்டி. பழைய கேள்வியை மறுபடி கேட்பதும் ஆய்வுதான் என்று நாம் மாணவர்களுக்குச் சொல்லித்தரவே இல்லை.

என்னிடம் யோசனை கேட்டு வந்த ஒரு மாணவியை, அவள் ஊர்த் தொடக்கப்பள்ளியின் 2007 சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, அதில் உள்ளவர்களைத் தேடச் சொன்னேன். இதுவரை பதினோரு பேர் கிடைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி வீட்டுக்கு என் மாணவி போன நேரம், அந்தப் பெண் தன் ஒன்றாம் வகுப்பு மகளுக்குப் பயிற்சி நூலைத் தரையில் விரித்துவைத்து எழுத்துக்கூட்டிச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாளாம்.