கேரம் ஸ்ட்ரைக்கர் அளவில் ஒரு முகம்

நண்பர் ஒருவர் போன வாரம் ஓர் ஓவியத்தைப் பகிர்ந்திருந்தார். நெஞ்சில் கை வைத்து, மரத்தில் சாய்ந்து, காலைப் பின்னிக்கொண்டு நிற்கும் ஓர் இளைஞன். முன்னால் வெள்ளை ரோஜாக் கொடி. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணியின் ஓவியர் நிக்கோலஸ் ஹில்லியர்ட் 1590-ஐ ஒட்டி வரைந்தது. கீழே ஒருவர், "முகம் பொம்மை மாதிரி இருக்கு, நிழலே இல்ல. இத்தாலிக்காரங்க நூறு வருஷம் முன்னாடியே எங்கயோ போயிட்டாங்க" என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. அதனால் இங்கே.

முதலில் அளவைச் சொல்ல வேண்டும். அந்தப் படத்தின் உயரம் 13.5 செ.மீ. நம் கையில் இருக்கும் போனைவிடச் சின்னது. ஹில்லியர்ட் வரைந்ததில் அதுவே பெரிய சைஸ்களில் ஒன்று! 1577-இல் தன்னைத்தானே வரைந்துகொண்ட படத்தின் விட்டம் 41 மில்லிமீட்டர். கேரம் ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்துப் பாருங்கள், சரியாக அவ்வளவுதான். அதற்குள் சுருட்டை முடி, தாடி, கழுத்தைச் சுற்றிய மடிப்பு மடிப்பான காலர், 'இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆளில்லை' என்கிற பார்வை எல்லாம் இருக்கிறது. அதை நாம் பதினைந்து அங்குலத் திரையில் விரித்து வைத்து, முகத்தில் ஆழம் இல்லை என்கிறோம்.

சொல்கிற எனக்கும் இது முதலில் உறைக்கவில்லை. சில வருடங்களுக்கு முன் லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இவற்றை நேரில் பார்த்தேன். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்பதால் அறையே மங்கல். கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக வட்ட வட்டமாக முகங்கள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன். இவை எதுவுமே சுவரில் மாட்டிப் பார்க்கச் செய்ததில்லை என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது. தங்கப் பேழைக்குள் அடைத்துக் கழுத்தில் தொங்கவிடவோ, பட்டில் சுற்றிப் பெட்டியில் வைக்கவோ செய்தவை. பார்க்க வேண்டுமென்றால் எடுத்து, திறந்து, உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்துக்குச் சாய்க்க வேண்டும்.

அந்தச் சாய்ப்பில்தான் விஷயமே இருக்கிறது. ஹில்லியர்ட் பொற்கொல்லர் மகன். ராணியின் பொற்கொல்லர் ராபர்ட் பிராண்டனிடம் 1562-இல் தொழில் பழகச் சேர்ந்தவர். பின்னால் அவர் மகளையே கட்டிக்கொண்டார். அதனால் நகையை வரைவதோடு நிற்காமல், செய்தே வைத்துவிடுவார். முத்து வேண்டுமா? ஈய வெள்ளையைக் குண்டாக ஒரு சொட்டு வைத்து, அதன் தலையில் வெள்ளிப் புள்ளி. மாணிக்கமா? வெள்ளியை இட்டு, சிறு விலங்கின் பல்லால் தேய்த்து மெருகேற்றி, அதன்மேல் சிவப்புப் பிசினைச் சூடான ஊசியால் உருக்கி வைப்பார். கையை லேசாக அசைத்தால் படத்துக்குள் கல் மின்னும். நானூறு வருடத்தில் அந்த வெள்ளி கறுத்துப்போய்விட்டது. இன்று முத்தின் நடுவே நமக்குத் தெரிவது ஒரு கரும்புள்ளி. முகத்தில் இருந்த ரோஜாச் சிவப்பும் பல படங்களில் வெளிறிவிட்டது. 'பொம்மை முகம்' என்று திட்டுகிறோமே, அதில் பாதி காலம் செய்த வேலை.

மற்ற சாமான்கள் எல்லாம் எளிமையானவை. கன்றுத்தோலை மெல்லியதாக்கி, மாவுப் பசை தடவி ஒரு சீட்டின் மேல் ஒட்டுவார்கள். ஆமாம், சீட்டுக்கட்டில் வரும் சீட்டுதான்; பல சிற்றோவியங்களைத் திருப்பினால் பின்னால் சீட்டுக்குறி தெரியும். வேலம் பிசினில் குழைத்த நிறங்கள், வைத்துக்கொள்ளக் கிளிஞ்சல், அணில் முடித் தூரிகை. 1600-ஐ ஒட்டி ஹில்லியர்ட் எழுதிவைத்த குறிப்புகளில், நூல் உதிராத பட்டு உடுத்து, தலைப்பொடுகு விழாமல் பார்த்துக்கொள், படத்தின்மேல் குனிந்து பேசி எச்சில் தெறிக்கவிடாதே என்றெல்லாம் சொல்கிறார். (இடையில் ஒன்று. இந்தச் சிற்றோவியங்களை ஆங்கிலத்தில் மினியேச்சர் என்பார்கள்; அந்தச் சொல் 'மினி'யிலிருந்து வரவில்லை. பழைய ஏடுகளில் தீட்டிய ஈயச் செந்தூரத்துக்கு லத்தீனில் 'மினியம்', அதிலிருந்து வந்தது.)

சரி, நிழல். ராணி முதன்முதலில் எதிரே உட்கார்ந்த நாளை ஹில்லியர்டே எழுதியிருக்கிறார். அரண்மனைத் தோட்டத்தில், பக்கத்தில் மரமோ நிழலோ இல்லாத திறந்தவெளியாகப் பார்த்து எலிசபெத் உட்கார்ந்தாராம். தள்ளி நின்று பார்க்கும் படத்துக்குத்தான் கனத்த நிழல் வேண்டும், கையில் வைத்துக் கண்ணருகே பார்க்கும் படத்துக்கு வேண்டாம் என்பது இவருடைய வாதம். எனக்கு இது முழுக்க நியாயமாகப் படுகிறது. ஆனால் ராணியின் மனதில் ஓவியக் கலை மட்டும்தான் இருந்தது என்று நம்ப நான் தயாரில்லை. நிழல் இல்லாத முகத்தில் சுருக்கமும் இருக்காது. 1596-இல், ராணிக்கு வயது 60-ஐத் தாண்டியபின், அவருக்குப் பிடிக்காத உருவப்படங்களைத் தேடி ஒழிக்க அரச ஆலோசனைக் குழுவே உத்தரவு போட்டது. ஹில்லியர்டோ அந்த வருடங்களில் இளம்பெண்ணின் முகத்தையே ராணிக்கு வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் மட்டும் அந்தக் கருத்துக்காரரோடு எனக்குச் சண்டை இல்லை. அது பொம்மை முகம்தான்.

ஆனால் இந்தச் சின்னப் படம் எதற்கு என்று கேட்டால் நான் சொல்லும் கதை வேறு. 1564. ஹில்லியர்ட் அப்போது பட்டறையில் எடுபிடிப் பையன். ஸ்காட்லாந்து ராணி மேரியின் தூதர் ஜேம்ஸ் மெல்வில் லண்டன் வந்திருக்கிறார். எலிசபெத் அவரைப் படுக்கையறைக்கே அழைத்துப்போய் ஒரு சிறு பேழையைத் திறக்கிறார். உள்ளே காகிதத்தில் சுற்றிய குட்டிக் குட்டிப் படங்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ராணியின் கையெழுத்தில் பெயர். முதல் பொட்டலத்தில் 'மை லார்டின் படம்' என்றிருந்தது. மெல்வில் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு, காட்டுங்கள் என்று நச்சரிக்கிறார். ராணிக்கு மனமில்லை. கடைசியில் காட்டினால், லெஸ்டர் பிரபு ராபர்ட் டட்லி. ராணிக்கும் அவருக்கும் இருந்த நெருக்கம் ஊரறிந்தது. அதே ஆளைத்தான் எலிசபெத் மேரிக்கு மாப்பிள்ளையாகவும் முன்மொழிந்துகொண்டிருந்தார். 'அப்படியானால் இந்தப் படத்தை எங்கள் ராணிக்குக் கொண்டுபோகிறேன்' என்றாராம் மெல்வில். 'இது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது' என்று ராணி மறுத்துவிட்டார். 'அசலே உங்களிடம் இருக்கிறாரே' என்றாராம் இவர். டட்லி அறையின் மறுகோடியில்தான் நின்று பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் எலிசபெத், மேரியின் படத்தை எடுத்து முத்தமிட்டார். 23 வருடம் கழித்து மேரியின் மரண தண்டனையில் கையெழுத்துப் போட்டதும் அதே கை.

ஆள் உயரப் படத்தில் இதெல்லாம் நடக்குமா? அது எல்லோருக்கும் எப்போதும் காட்டிக்கொண்டிருப்பது. பொட்டலத்தைப் பிரிப்பதா வேண்டாமா என்பது மட்டும் ராணியின் கையில்.

அந்தப் படங்களை வரைந்தது யார் என்று மெல்வில் எழுதவில்லை. அன்று அரண்மனையில் இருந்த சிற்றோவியர் லெவினா டீர்லிங்க். பிரூஜ் நகரத்து ஏட்டோவியர் சைமன் பெனிங்கின் மகள். எட்டாம் ஹென்றி அவருக்குக் கொடுத்த ஆண்டுச் சம்பளம் 40 பவுண்டு. அதே ஹென்றியின் அரண்மனை ஓவியர், மாபெரும் ஹோல்பைனுக்கே 30 பவுண்டுதான். நாலு மன்னர் ஆட்சியைப் பார்த்தவர். இது அவர் கை என்று சந்தேகமில்லாமல் சொல்ல இன்று ஒரு படம்கூட இல்லை. இவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஹில்லியர்டும் பணத்தில் கொடுத்துவைத்தவரில்லை. 1617-இல், எழுபது வயதில், கடனுக்காகச் சிறையில் கிடந்தார்.

அதற்கு முந்தைய வருடம் ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ அஜ்மீரில் ஜஹாங்கீரிடம் இப்படி ஒரு சிற்றோவியத்தைக் காட்டி, இதைப் போல் உங்கள் ஆட்களால் வரைய முடியாது என்று பெருமையடித்தார். ஜஹாங்கீர் வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு ஓர் இரவு ரோவை அழைத்து ஒரே பலகையில் ஆறு படங்களை நீட்டினார். ஐந்து நகல், ஒன்று அசல். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ரோ தன் படத்தைக் கண்டுபிடிக்கத் திணறிப்போனார். பாதுஷாவுக்கு ஒரே குஷி.